வெளிச்சம் போட்டு ஒளிந்துகொள்கிற மீன்கள்

2025 பிப்ரவரியில் ஒரு வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது, உங்களுக்கும் வந்திருக்கும். ஸ்பெயினின் கானரித் தீவுகளில் டெனெரிஃப் கரையிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி, பட்டப்பகலில், கடல் மட்டத்துக்குப் பக்கத்திலேயே கரிக்கறுப்பாக ஒரு மீன் மேல்நோக்கி நீந்துகிறது. வாய் முழுக்க ஊசிப்பல், நெற்றியில் ஒரு கொம்பு, கொம்பின் நுனியில் ஒரு குமிழ். சுறாக்களை ஆராயப் போன குழு ஒன்று தற்செயலாகப் பார்த்துப் படம் எடுத்தது. ஏதோ கோளாறில் மேலே வந்துவிட்ட மீன், சில மணி நேரத்தில் செத்துப்போனது. அந்த வீடியோ நம்ம பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்து சேரும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வந்தவை: "கடலடியிலிருந்து கிளம்பிய ராட்சசன்", "சுனாமிக்கு அறிகுறி", "பத்து பேருக்கு அனுப்பவும்".

அந்த ராட்சசன் உள்ளங்கையில் அடங்கிவிடும். இதை மட்டும் யாரும் எழுதவில்லை. அதன் பெயர் மெலனோசீட்டஸ் ஜான்சனி, தூண்டில் மீன்கள் என்ற கூட்டத்தைச் சேர்ந்தது. பெண் மீன் நன்றாக வளர்ந்தாலே 18 சென்டிமீட்டர் அளவுதான், ஆண் 3 சென்டிமீட்டரைத் தொட்டால் அதிகம். பாம்பன் ஏலக்கூடத்தில் கூடையில் கொட்டினால் யாரும் குனிந்துகூடப் பார்க்க மாட்டார்கள், சங்காயம் என்கிற கழிவுமீனோடு சேர்த்து ஒதுக்கிவிடுவார்கள். கேமராவை முகத்துக்கு நேரே கொண்டுபோனால் எதுவும் பேய்தான், நெத்திலி உட்பட.

இந்தப் பேய்ப் பேச்சில் எனக்கு எரிச்சல் வருவதற்குக் காரணம், உண்மையில் வாயைப் பிளக்க வேண்டிய விஷயத்தை அது மூடிவிடுகிறது. வெளிச்சம் என்றால் நமக்குப் பார்ப்பதற்கு. டார்ச் அடிக்கிறோம், பார்க்கிறோம், முடிந்தது. ஆழ்கடலில் தானே வெளிச்சம் உண்டாக்கி வேட்டையாடுகிற மீன்களுக்கு அது முக்கால்வாசி ஏமாற்றுவதற்கும் ஒளிந்துகொள்வதற்கும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்தக் கொம்பு, பல், கறுப்பு எல்லாவற்றுக்கும் கணக்கு சரியாக வரும்.

முதலில் அவை எங்கே இருக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீடியோ வந்ததும் "நம்ம கடல்லயும் இருக்கா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். ராமேஸ்வரத்துக்கு முன்னால் உள்ள மண்டபம் ஊரில் நின்றால் இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. பெரியவர்கள் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பெண்கடலில் இந்த மீன்களுக்கு இடமே கிடையாது. அதன் சராசரி ஆழம் 10 மீட்டர்கூட இல்லை. ஆண்கடலிலும் கரையோரம் 21 தீவுகள், பவளப்பாறை, கடல்தாழை என்று எல்லாமே வெயில் எட்டுகிற ஆழம்தான். அதையெல்லாம் தாண்டித் தெற்கே போய், கண்டத்திட்டு முடிகிற விளிம்பு வந்த பிறகுதான் கடல் ஆயிரக்கணக்கான மீட்டருக்கு இறங்குகிறது. சுமார் 200 மீட்டர் இறங்கினால் பாசி வளரும் அளவுக்குக்கூட வெயில் கிடையாது, மங்கலான நீலம் மட்டும் மிஞ்சும். 1000 மீட்டரில் அதுவும் போய்விடும். அந்த மங்கல் நீலத்திலும் அதற்குக் கீழே உள்ள இருட்டிலும்தான் இவர்களின் குடித்தனம். நம்ம படகுகள் அங்கே வலை போடுவதில்லை. கொல்லம் பக்கம் ஆழ்கடல் இறாலுக்கு மடி (இழுவலை) இழுக்கிற படகுகளில் லாந்தர் மீன் என்ற சின்ன ஒளிமீன்கள் இறாலோடு சேர்ந்து ஏறி வருவது உண்டு, வேட்டைக்கார மீன்கள் பின்தொடர்வது பெரும்பாலும் இவற்றைத்தான்.

(இடையில் ஒன்று. 2017இல் பாக் விரிகுடா விசைப்படகுகளை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டம் வந்தது, 80 லட்சம் ரூபாய்ப் படகுக்கு மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 70 சதவீத மானியம். அந்த 'ஆழ்கடல்' சூரை மீனுக்குப் போகிற ஆழ்கடல். நான் சொல்லும் ஆழ்கடல் அதற்கும் கீழே. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒருவர் என்னிடம் தூண்டில் மீனுக்கு மானியம் உண்டா என்று கேட்டார், சத்தியமாக.)

சரி, வெளிச்சம் எப்படி வருகிறது? லூசிஃபெரின் என்று ஒரு பொருள், அது ஆக்சிஜனோடு சேரும்போது ஒளி வருகிறது, அந்தச் சேர்க்கையை வேகப்படுத்துவது லூசிஃபெரேஸ் என்ற நொதி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரஃபாயேல் துபுவா என்ற பிரெஞ்சுக்காரர் ஒளிரும் வண்டையும் ஒளிரும் சிப்பியையும் வைத்து இதைக் கண்டுபிடித்துப் பெயரும் வைத்தார். சூடே இல்லாத வெளிச்சம். மீன்களில் இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, தன் உடம்பிலேயே ஒளிப்புள்ளிகளை வளர்த்துத் தானே எரிப்பது. இன்னொன்று, ஒளிரும் பாக்டீரியாவை ஒரு பையில் குடிவைத்துச் சோறு போட்டு, அது தரும் வெளிச்சத்தை எடுத்துக்கொள்வது. 2016இல் வந்த ஓர் ஆய்வு, துடுப்பில் கதிர் உள்ள மீன்களில் மட்டும் இந்த ஒளிரும் திறமை குறைந்தது 27 தடவை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று கணக்குப் போட்டது. அதாவது ஒரு பாட்டன் வழியாக எல்லோருக்கும் வந்த சொத்து இல்லை. 2017இல் கலிஃபோர்னியா கரையில் 17 வருஷ வீடியோப் பதிவுகளை உட்கார்ந்து எண்ணியவர்கள், மேல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 4000 மீட்டர் வரை கண்ணில் பட்ட நீந்தும் உயிர்களில் 76 சதவீதம் ஒளிரும் வகை என்றார்கள். ஆக அங்கே ஒளிராமல் இருப்பதுதான் விசேஷம்.

அந்த வெளிச்சம் பெரும்பாலும் நீலமாகவோ நீலப்பச்சையாகவோ இருக்கும். கடல் தண்ணீரில் வெகுதூரம் போவது நீலம்தான், சிவப்பு மேலேயே செத்துவிடும். அதனால் கீழே உள்ளவர்களின் கண்ணும் நீலத்தைப் பார்ப்பதற்கென்றே பழகிப்போய், அநேகருக்குச் சிவப்பே தெரியாது. இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு திருடன் வருவான்.

தூண்டில் மீனுக்கு வருவோம். அதன் நெற்றிக் கொம்பு என்பது முதுகுத் துடுப்பின் முன்முள் நீண்டு முன்னால் வந்தது. நுனிக் குமிழுக்குள் பாக்டீரியா. இனத்துக்கு இனம் அந்தக் குமிழின் வடிவம் மாறும், குஞ்சம் வைத்தது, நூல் தொங்குவது, கிளை விட்டது என்று. 2018இல் அந்த பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியைப் படித்துப் பார்த்தார்கள். சுதந்திரமாகத் திரிகிற அதன் சொந்தக்காரர்களோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்டப் பாதியை இழந்திருக்கிறது, மீனின் வீட்டுச் சாப்பாட்டில் வாழ்ந்து பழகிவிட்டது. இப்படி ஆனவை வழக்கமாகத் தாயிடமிருந்து பிள்ளைக்கு நேரடியாகப் போகும். இங்கே அதுவும் இல்லை. குஞ்சு பிறக்கும்போது குமிழ் காலி, வளர்ந்து ஆழத்துக்கு இறங்கிய பிறகு சுற்றியுள்ள தண்ணீரிலிருந்துதான் தனக்கான பாக்டீரியாவைப் பிடித்துக்கொள்கிறது என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. அத்தனை பெரிய தண்ணீரில், தேவையான அந்த ஒரே வகையை. இன்னும் இதன் முழுக்கதை தெளியவில்லை, எனக்கு இந்த மீனிடம் ரொம்பப் பிடித்த இடமே இதுதான்.

கொம்பும் விளக்கும் பெண்ணுக்கு மட்டும். ஆணுக்குக் கிடையாது. ஆண் சின்னதாக இருந்து, மூக்கையும் கண்ணையும் வைத்துப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, கடித்துப் பிடித்துக்கொள்ளும். சில இனங்களில் அப்படியே ஒட்டி, தோலும் ரத்தக்குழாயும் ஒன்றாகிப்போய், அதற்கப்புறம் ஆணுக்குச் சொந்தமாகச் சாப்பாடே வேண்டியதில்லை. 1922இல் பியார்னி சைமுண்ட்சன் என்ற ஐஸ்லாந்து ஆய்வாளர் ஒரு பெரிய மீனின் உடம்பில் இரண்டு சின்ன மீன்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்து, குட்டிகள் என்று எழுதிவைத்தார். 1925இல் சார்லஸ் டேட் ரீகன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் அறுத்துப் பார்த்து, குட்டி இல்லை புருஷன் என்றார். நம் உடம்பில் அடுத்தவர் சிறுநீரகத்தை வைத்தாலே உடம்பு எதிர்த்து நிற்கும், இங்கே முழு ஆளே ஒட்டிக்கொள்கிறான், எப்படி? 2020இல் பதில் கிடைத்தது. இப்படி ஒட்டுகிற இனங்கள், அந்நியத்தை அடையாளம் கண்டு அடிக்கிற எதிர்ப்புச் சக்திக்கான முக்கியமான மரபணுக்களையே தொலைத்துவிட்டிருக்கின்றன. அவை இல்லாமல் நோய்க்கிருமியோடு எப்படிக் காலம் தள்ளுகின்றன என்பது தனிக் கேள்வி. இதை எங்கள் வீட்டில் சொன்னபோது என் அக்கா, "உழைக்காம ஒட்டிக்கிட்டுத் திங்கிறதுக்கு ஆழ்கடலுக்கா போகணும்?" என்று மச்சானைப் பார்த்தபடி கேட்டாள். மச்சான் விசைப்படகுக்காரர், அவர் உழைக்கவில்லை என்று சொன்னால் கடலே சிரிக்கும், ஆனாலும் பதில் பேசவில்லை.

மச்சான் பேசியது வேறு விஷயத்துக்கு. 2017 நவம்பரில் மத்திய அரசு, அதிக வெளிச்சம் தரும் எல்.இ.டி. விளக்குகளைப் போட்டு மீன் பிடிப்பதைத் தடை செய்தது. நான் தூண்டில் மீனின் விளக்கைப் பற்றி ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "மாப்ள, நாங்க லைட்டப் போட்டா கேசு. அது போட்டா அறிவியலா?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தடையை நான் ஆதரிக்கிறேன், அவருக்கும் அது தெரியும். படகில் ஜெனரேட்டர் வைத்து எரிக்கிற வெளிச்சம் பெரும் பரப்பில் உள்ள எல்லாவற்றையும், குஞ்சு குருமானோடு சேர்த்து இழுக்கும். தூண்டில் மீனின் குமிழில் இருப்பது ஒரே ஓர் இரைக்கு மட்டும் காட்டுகிற துளி வெளிச்சம், அதுவும் நீந்தி அலையாமல் இருந்த இடத்தில் காத்துக் கிடந்து. கீழே சாப்பாடு அவ்வளவு அரிது. அதனால்தான் எலும்பு லேசு, சதை தொளதொள, வயிறு மட்டும் தன்னைவிடப் பெரியதையும் வாங்கிக்கொள்ளும்படி விரியும். வந்ததை விட்டுவிட்டால் அடுத்தது எப்போது வருமோ.

இப்போது ஒரு சிக்கல். இருட்டில் முகத்துக்கு முன்னால் விளக்கைத் தொங்கவிட்டால் முதலில் தெரிவது யார் முகம்? நம்ம முகம்தான். பல்லும் வாயும் பளிச்சென்று தெரிந்தால் எந்த இரை வரும்? இதற்கு அந்த மீன்கள் கண்ட வழி கறுப்பு. சும்மா கறுப்பு இல்லை. 2020இல் வெளியான ஓர் ஆய்வில் 16 ஆழ்கடல் மீன் இனங்களின் தோல், தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் 99.5 சதவீதத்துக்கு மேல் விழுங்கிவிடுவதைக் காட்டினார்கள். அதில் ரொம்பக் கறுப்பு ஒனிரோடஸ் என்ற தூண்டில் மீன், 0.04 சதவீதம் மட்டுமே திருப்பி அனுப்பியது. படம் எடுக்கப்போன ஆய்வாளர்களுக்கே, எத்தனை ஃபிளாஷ் போட்டாலும் ஓர் உருவக்கோடு மட்டும்தான் விழுந்ததாம், ஆய்வு தொடங்கியதே அந்த எரிச்சலில்தான். தோலுக்குள் மெலனின் என்ற கருநிறமி நிறைந்த நுண்பைகள் இடைவெளி விடாமல் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன, ஒன்றில் பட்டுச் சிதறுகிற ஒளியைப் பக்கத்தில் உள்ளது வாங்கிக்கொள்கிறது. தன் விளக்கு தன்னையே காட்டிக்கொடுக்காமல் இருக்க வேண்டுமே, அதற்கான ஏற்பாடு. வயிற்றின் உள்சுவரும் பல இனங்களில் கறுப்பு, ஏன் என்று யோசித்துப் பாருங்கள். விழுங்கியது லாந்தர் மீன், அது உள்ளே போயும் மினுக்கிக்கொண்டிருந்தால் வேட்டைக்காரனே அடுத்தவனுக்கு வேட்டையாகிவிடுவான்.

பல்லுக்கும் இதே கதை. அரிஸ்டோஸ்டோமியாஸ் என்ற டிராகன் மீனின் பல் கண்ணாடி. தண்ணீருக்குள் கிட்டத்தட்டக் கண்ணுக்கே தெரியாது. 2019இல் அதை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், மிகச்சிறிய படிகத் துகள்கள் ஒளியைச் சிதறவிடாமல் கடத்துகின்றன என்று கண்டார்கள். வைப்பர் மீன் என்ற இன்னொரு ஆழ்கடல் வேட்டைக்காரனுக்குப் பல் வாய்க்குள்ளேயே அடங்காது, கீழ்த்தாடைப் பல் கண் வரை ஏறி நிற்கும். முதுகுத் துடுப்பில் ஒரு நீண்ட கதிர், அதன் நுனியில் ஒளிப்புள்ளி, அடிவயிறு நெடுக வரிசை வரிசையாக இன்னும் புள்ளிகள். இத்தனை பயங்கரத்துக்கும் நீளம் ஓர் அடி, இன்னும் கொஞ்சம்.

திருடன் இப்போது வருகிறான். மலக்கோஸ்டியஸ் நைஜர், இதுவும் டிராகன் மீன் குடும்பம்தான். கண்ணுக்குக் கீழே ஓர் ஒளியுறுப்பு, அதிலிருந்து வருவது சிவப்பு. எல்லோருக்கும் சிவப்பு தெரியாத ஊரில் சிவப்பு விளக்கு. எதிரே இருப்பவன் மேல் நேராக அடித்தாலும் அவனுக்குத் தெரியாது, இவனுக்கு மட்டும் அவன் தெரிவான். ஆழ்கடலில் வெளிச்சத்தை நம்மைப் போலப் பார்ப்பதற்குப் பயன்படுத்துகிற மிகச் சிலரில் இவன் ஒருவன், அதையும் திருட்டுத்தனமாகத்தான் செய்கிறான். சிவப்பு தண்ணீரில் அதிக தூரம் போகாது, பக்கத்தில் இருப்பதை மட்டும்தான் பார்க்கலாம், அது போதும் அவனுக்கு. ஆனால் அவன் கண்ணுக்கு மட்டும் சிவப்பு எப்படித் தெரிகிறது? 1998இல் இதற்குக் கிடைத்த பதிலை முதன்முறை படித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அவன் விழித்திரையில் பச்சையத்திலிருந்து வந்த ஒரு பொருள் இருக்கிறது, இலையில் இருக்கிற பச்சையத்தின் சொந்தக்காரப் பொருள். அது சிவப்பை வாங்கிக் கண்ணின் நிறமிக்குக் கைமாற்றிக் கொடுக்கிறது. வெயிலே எட்டாத இடத்தில் வாழ்கிறவனுக்கு வெயிலில் விளைந்த பச்சையம் எங்கிருந்து? எந்த மீனும் அதைத் தானாக உண்டாக்க முடியாது, சாப்பாட்டில்தான் வந்தாக வேண்டும். மேல்மட்டத்தில் விளைந்ததைச் சின்ன உயிர்கள் தின்கின்றன, அது கைமாறிக் கைமாறி இவன் வயிற்றுக்கு வருகிறது என்று நினைக்கிறார்கள். இவன் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது நிறைய இருந்தது என்ன தெரியுமா, கோப்பிபாட் என்கிற பொடி உயிர்கள். தாடையோ தன் தலையைவிடப் பெரிய மீனைக் கவ்வுகிற மாதிரி, வாய்க்கு அடித்தளத் தோல்கூட இல்லாமல் சட்டென்று நீள்கிற தாடை. அதை வைத்துக்கொண்டு இவன் பெரும்பாலும் கொறிக்கிறான். பெரிய இரை வரும்வரை சில்லறை.

ஏமாற்றுவதையும் திருடுவதையும் பார்த்தாயிற்று. ஒளிந்துகொள்வதுதான் எல்லாவற்றையும்விடப் பரவலான வேலை. 200 மீட்டருக்குக் கீழே மேலிருந்து மங்கலாக நீலம் இறங்கிக்கொண்டிருக்கிறது அல்லவா, கீழே பதுங்கியிருப்பவன் அண்ணாந்து பார்த்தால் மேலே நீந்துகிறவன் கறுப்பு நிழலாகத் தெரிவான். முத்துக்குளிக்கவோ பாசி எடுக்கவோ முங்கியவர்களைக் கேளுங்கள், அடியிலிருந்து பார்த்தால் வள்ளம் எப்படித் தெரியும் என்று சொல்வார்கள். இந்த நிழலை அழிப்பதற்காகத்தான் லாந்தர் மீன், வைப்பர் மீன் எல்லாம் அடிவயிற்றில் விளக்கு வைத்திருக்கின்றன. மேலிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறதோ அதே அளவு, அதே நிறத்தில் வயிற்றிலிருந்து கீழே விட்டால் நிழல் காணாமல் போய்விடும். மேகம் மறைத்தால் வயிற்று விளக்கையும் மங்கவைக்க வேண்டும், அதையும் செய்கின்றன. சுறாக்களிலும் இந்த வேலை உண்டு. நியூசிலாந்துக் கடலில் பிடித்துப் பார்த்த கைட்ஃபின் சுறா வயிறு முழுக்க நீலமாக ஒளிர்வதை 2021இல் எழுதினார்கள், ஆறடி வரை வளரக்கூடியது, ஒளிரும் முதுகெலும்புள்ள உயிர்களில் இதுவரை தெரிந்த மிகப் பெரியது அதுதான்.

இந்த இடத்தில் நம்ம ஊருக்கு வந்தாக வேண்டும். இதே வேலையைச் செய்கிற மீன் நம்ம பெண்கடலில், அதுவும் டன் கணக்கில், ராமேஸ்வரம் விசைப்படகு ஒவ்வொன்றின் மடியிலும் ஏறி வருகிறது. காரல்.

ஆமாம், அதே காரல்தான். தட்டையாக, வெள்ளி மாதிரி, வழவழவென்று, முள் அதிகம் என்று நகரத்துக்காரர்கள் ஒதுக்குகிற, கருவாடு போட்டும் கோழித் தீவனத்துக்கும் போகிற காரல். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று ஆக்கிப்போடுவார்களே, அதுதான். அதன் உணவுக்குழாயைச் சுற்றி மோதிரம் போல ஓர் உறுப்பு இருக்கிறது, அதற்குள் ஒளிரும் பாக்டீரியா. 1967இல் அந்த பாக்டீரியாவுக்குத் தனிப் பெயர் வைத்தபோது காரலின் அறிவியல் பெயரையே சேர்த்து ஃபோட்டோபாக்டீரியம் லியோக்னாத்தி என்று வைத்தார்கள். மோதிரத்திலிருந்து கிளம்பும் வெளிச்சம் பின்னால் உள்ள காற்றுப்பையில் படுகிறது. காற்றுப்பையின் உட்சுவர் வெள்ளி பூசினாற்போல மினுமினுப்பதால் அது வெளிச்சத்தைக் கீழே திருப்பிவிடுகிறது, ஓரளவு ஒளி ஊடுருவும் அடிச்சதை வழியாக அது பரவலாக வெளியே வருகிறது. வேண்டாத நேரத்தில் மூட மோதிரத்தின் மேல் தசைக் கதவுகள் உண்டு. நிழலை அழிக்க ஒரு பக்கம் இது, இன்னொரு பக்கம் ஆண் காரல் பெண்ணுக்குச் சைகை காட்டவும் பயன்படுத்துகிறது, பல இனங்களில் ஆணுக்கு இந்த உறுப்பு பெரிது. காஸா என்று காரலிலேயே ஒரு பேரினம் கோரைப்பல்லோடு இருக்கிறது, சின்ன மீனையும் இறாலையும் வேட்டையாடும். ஆக, தானே விளக்கு வைத்திருக்கிற வேட்டைக்கார மீன் வேண்டும் என்றால் டெனெரிஃப் வரை போக வேண்டியதில்லை.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கியது, கொச்சிக்கு மாறிய 1971 வரை அதன் தலைமையகம் நம்ம மண்டபம் முகாமில்தான் இருந்தது. காரலைப் பற்றி அங்கே உட்கார்ந்து எழுதியது ஏராளம். அத்தனையும் இருந்தும், காரல் ஒளிரும் என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப்பார்த்தால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். பள்ளிக்கூடத்தில் மின்மினியும் தூண்டில் மீனும் படமாக வருகின்றன, காலையில் சாப்பிட்ட காரல் வருவதில்லை.

மச்சானிடம் சொன்னபோது அவர், "ராத்திரி மடி ஏறும்போது மின்னும், அது பார்த்திருக்கேன்" என்றார். அது காரலாக இருக்க வாய்ப்பு குறைவு, வலை தூக்கும்போது தண்ணீரோடு மின்னுவது பெரும்பாலும் நுண்ணுயிர்கள்தான், சில நேரம் சொறி (ஜெல்லி மீன்). நம்ம பக்கம் பூங்கோரை என்று சொல்கிற நாக்டிலுகா இதில் முக்கியமானது. பகலில் கடலைப் பச்சையாக்கும், இரவில் அலை உடையும் இடத்தில் நீலமாகப் பற்றிக்கொள்ளும். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாப் பக்கம் அது மண்டி, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து, பாம்பன் சுற்றுவட்டாரத்தில் மீன்கள் செத்துக் கரை ஒதுங்கியது பலருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரே செல் உள்ள உயிர், ஆனால் அதுவும் வேட்டைக்காரன்தான், தன்னைவிடச் சின்னதை அப்படியே உள்ளே இழுத்துச் செரிக்கும். தொட்டால் ஏன் மின்னுகிறது என்பதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள்: தன்னைத் தின்ன வந்தவனின் மேல் வெளிச்சம் விழுந்தால், அவனைத் தின்கிறவன் கண்ணில் அவன் பட்டுவிடுவான். கூப்பாடு போடுவதற்குப் பதில் விளக்குப் போடுகிறது.

ஒன்று மட்டும் கவலையாக இருக்கிறது. அந்த மங்கல் நீல ஆழத்தில் இருக்கிற மீன்களின் மொத்த எடை 100 கோடி டன் என்று ஒரு காலத்தில் மதிப்பிட்டார்கள், 2014இல் வந்த ஆய்வு அது 1000 கோடி டன்கூட இருக்கலாம் என்றது. எண் பெரிதானதும் சில நாடுகளுக்கு ஆசை வந்துவிட்டது, பிடித்து அரைத்து மீன் தூளாக்கலாமே என்று. நம்ம கடலில் காரலும் சங்காயமும் தீவனமாகப் போய் என்ன ஆனது என்று பாக் விரிகுடாவில் மடி இழுக்கிற யாரும் சொல்வார்கள். லாந்தர் மீனை அள்ளினால் அதைத் தின்று வளர்கிற சூரை என்ன செய்யும்? சூரைக்கு மானியம் கொடுத்துவிட்டு சூரையின் சோற்றை அரைக்கப் போகிறார்களா? சாப்பிடுவதற்கும் அவை லாயக்கில்லை. ஆழ்கடல் மீன் பலவற்றுக்குச் சதை முழுக்கத் தண்ணீர், சிலவற்றில் மெழுகு மாதிரிக் கொழுப்பு, தின்றால் வயிறு போகும். ஜப்பானில் தூண்டில் மீன் சாப்பிடுகிறார்களே என்று கேட்பவர்களுக்கு, அது கடலடித் தரையில் கிடக்கிற வேறு வகை, இந்த விளக்குக்காரி இல்லை.

காரலின் வெளிச்சத்தை வீட்டிலேயே பார்க்கலாம், அதற்கு மீன் முக்கியம். ஐஸில் கிடந்தது வேண்டாம், காலையில் படகு வந்ததும் கரையிலேயே வாங்குங்கள், கொஞ்சம் பெரிதாகப் பார்த்து. ஜன்னலை அடைத்து முழு இருட்டாக்கிவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா உட்காருங்கள், கண் பழக வேண்டும், அதற்குள் யாராவது போனை எடுத்தால் மறுபடியும் பத்து நிமிஷம். செவுளுக்குப் பின்னால் தொண்டைப் பக்கம் திறந்தால் உணவுக்குழாயைச் சுற்றி மங்கலான நீலப்பச்சை வளையம் தெரியும். கத்தி பிடிக்கிற வேலையை இருட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். வளையத்தைப் பார்த்த கையோடு குடலை எடுத்து அலசி உப்பு போட்டு வைத்துவிட்டால் மத்தியானக் குழம்புக்கு ஆச்சு.